அலமாரிச் சாவி யாரிடம்? களியக்காவிளை எல்லையோரம் ஒரு சபை நடத்தும் சேவை மையம்

ஒரு சபையின் சமூகப் பணி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆண்டறிக்கையைப் புரட்ட வேண்டாம். பொருள் வைத்திருக்கும் அலமாரியின் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் போதும். போதகர் கையில் மட்டும் என்றால், அவர் ஊரில் இல்லாத நாளில் சக்கர நாற்காலி கேட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். களியக்காவிளை தாண்டி, இஞ்சிவிளைக்கும் பாறசாலைக்கும் இடையில், நெடுஞ்சாலையை விட்டு ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கும் ஒரு சந்தில் இருக்கிறது நாம் பேசப்போகும் சபை. பெயர் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அங்கே சாவி மூன்று. ஒன்று ஓய்வுபெற்ற நர்ஸ் அக்காவிடம், ஒன்று சபைக் கோயிலைப் பார்த்துக்கொள்பவரிடம், ஒன்று எதிரே டீக்கடை போட்டிருக்கும் அண்ணனிடம். டீக்கடை அண்ணன் அந்தச் சபைக்காரர் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை. போதகரிடம் சாவி கிடையாது. இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே இந்தச் சேவையைப் பற்றி விரிவாக எழுதத் தோன்றுகிறது.

நடப்பது இரண்டு காரியம். செவ்வாய், சனி காலை 9:30 முதல் 12:30 வரை மனு மேசை: பென்ஷன், ரேஷன் கார்டு, சான்றிதழ் வேலைகளுக்கு வழி சொல்லி, மனு எழுதித் தருவார்கள். இன்னொன்று, படுக்கையில் கிடப்பவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் கருவிகளை இரவல் தரும் அறை. அதற்கு நேரமும் கிழமையும் இல்லை. சாவி வைத்திருக்கும் மூவரில் ஒருவர் எப்போதும் ஊரில் இருப்பார்.

இந்த இடத்துக்கு இப்படியொரு மேசை எவ்வளவு தேவை என்பது எல்லைக்காரர்களுக்குத் தெரியும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. குடும்பங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகவே கிடக்கின்றன. பிறந்த வீடு மார்த்தாண்டம் பக்கம், கட்டிக்கொடுத்தது பாறசாலை, சிகிச்சை திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், பத்திரம் தமிழில், மனு மலையாளத்தில். போதகரைப் பாதிப் பேர் 'ஐயா' என்கிறார்கள், பாதிப் பேர் 'அச்சன்' என்கிறார்கள். இரண்டுக்கும் அவர் திரும்பிப் பார்க்கிறார்.

சபையும் பொதுச்சேவையும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. நெய்யூரில் மிஷன் மருத்துவமனை தொடங்கியது 1838-ல். மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கினார். தேனீப் பெட்டி, நல்ல இனக் கோழி, முட்டைக்குக் கூட்டுறவு விற்பனை என்று அவர் ஆரம்பித்ததில் தேனீ வளர்ப்பு இன்றும் மார்த்தாண்டத்தின் அடையாளம். ஹாட்ச் ஊரைவிட்டுப் போன பிறகும் தேன் நிற்கவில்லை. வேலை தெரிந்தவர்கள் உள்ளூரிலேயே இருந்தார்கள், விற்கும் சங்கம் அவர்கள் கையில் இருந்தது. இந்தப் போதகர் அந்தப் பாடத்தை நன்றாகப் படித்திருக்கிறார் என்று தெரிகிறது.

அவர் பொறுப்பேற்றதும் செய்த முதல் வேலை கட்டடம் கட்டுவது அல்ல, கணக்கெடுப்பு. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும் வாலிபர்களும் இரண்டிரண்டு பேராக, ஆணும் பெண்ணுமாக, ஒவ்வொரு விளையிலும், அதாவது குடியிருப்பிலும், வீடு வீடாக ஏறினார்கள். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. கேட்டது ஐந்தே கேள்வி. படுக்கையில் யாராவது உண்டா? தனியாக இருக்கும் முதியவர் உண்டா? படிப்பை நிறுத்திய பிள்ளை உண்டா? ரேஷன் கார்டு எந்த மாநிலத்தில், எந்த நிறம்? கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனது எதற்கு? ஆறாவதாக 'எந்தச் சபை' என்ற கேள்வி வரைவில் இருந்ததாம். அதை ஐயா அடித்துவிட்டார். மதம் கேட்டால் பாதிக் கதவு சாத்திக்கொள்ளும் என்பது ஒரு காரணம். கேட்டுவிட்டு உதவி செய்தால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும் என்பது இன்னொன்று. கணக்கெடுப்பில் முதலிடம் பிடித்தது பசியோ படிப்போ இல்லை. படுக்கைப்புண். அதிலிருந்துதான் கருவி அறை பிறந்தது. சபைகள் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்யும்: முதலில் தையல் மிஷின் வாங்கிவிட்டு, பிறகு தைக்கத் தெரிந்தவரைத் தேடும்.

கருவி அறைக்குள் போவோம். சக்கர நாற்காலி, வாக்கர், கக்கத்துக் கட்டை, கம்மோட் நாற்காலி, காற்றறைகள் மாறி மாறி ஏறி இறங்கும் ஏர் பெட், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் வரை தரும் கான்சென்ட்ரேட்டர். ஒவ்வொன்றிலும் பெயிண்டில் எண். அதே எண்ணில் பதிவேட்டில் ஒரு பக்கம்: வாங்கிய தேதி, யார் கொடுத்தது, யாருக்குப் போனது, எப்போது திரும்பியது, என்ன பழுது. நாற்காலிக்கும் ஏர் பெட்டுக்கும் 500 ரூபாய் முன்பணம், கான்சென்ட்ரேட்டருக்கு 2,000. திருப்பித் தரும்போது முழுப் பணமும் கிடைக்கும். பணம் இல்லாதவர் வார்டு மெம்பர் கையெழுத்தோ, பக்கத்து வீட்டார் இருவர் கையெழுத்தோ கொண்டுவந்தால் போதும். மூன்று மாதம் தவணை, தேவைப்பட்டால் போனிலேயே நீட்டிக்கலாம்.

சக்கர நாற்காலி கேட்டால் இங்கே உடனே தூக்கித் தருவதில்லை. இரண்டு அளவு கேட்பார்கள். ஒன்று, உட்காரும் ஆளின் இடுப்பு அகலம். இருபுறமும் ஒவ்வொரு இஞ்சு இடம் விட்டதுதான் இருக்கையின் சரியான அகலம். கடையில் கிடைக்கும் பொது அளவு 18 இஞ்சு. மெலிந்த பாட்டியை அதில் உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்து, நாளடைவில் முதுகே கோணிவிடும். இங்கே 16 இஞ்சிலும் நாற்காலி வைத்திருக்கிறார்கள். மற்றது வீட்டு வாசலின் அகலம். 18 இஞ்சு இருக்கை உள்ள நாற்காலி, வெளிச்சக்கரமும் சேர்ந்து சுமார் 26 இஞ்சு வரும். பழைய ஓட்டு வீடுகளில் கழிவறைக் கதவு அதைவிடக் குறுகல். அளக்காமல் வாங்கிப் போனால் நாற்காலி திண்ணையோடு நின்றுவிடும், ஆளைத் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

கக்கத்துக் கட்டைக்கும் அளவு உண்டு. மேல்முனைக்கும் கக்கத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், கைப்பிடி மணிக்கட்டு உயரத்தில் வர வேண்டும். பாரத்தைக் கையில்தான் தாங்க வேண்டும். கக்கத்தில் தாங்கினால் நரம்பு அழுந்தி விரல் மரத்துப்போகும். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் புரட்டிப் பார்த்துத்தான் தருகிறார்கள். இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் இரண்டும் கொட்டுகிற ஊர் இது. பாசி பிடித்த செம்பாறைப் படியில் தேய்ந்த ரப்பர் ஊன்றினால் இரண்டாவது காலும் போகும்.

ஏர் பெட் விஷயத்தில் அந்த நர்ஸ் அக்கா காட்டும் பொறுமைக்கே தனியாக ஒரு பாராட்டு எழுதலாம். வாங்க வந்த மகளை அங்கேயே ஒரு பெஞ்சில் விரித்துக் காட்டச் சொல்லி, முடிந்தபின்தான் அனுப்புகிறார். பெட்டை மெத்தைக்குப் பதிலாகப் போடக்கூடாது, மெத்தையின் மேல் போட வேண்டும். பம்பைக் கால்மாட்டில் கொக்கியில் தொங்கவிட வேண்டும், குழாய் மடங்கக் கூடாது. மேலே மெல்லிய ஒரே ஒரு விரிப்பு, அதையும் இறுக்கிச் செருகாமல். வீட்டில் எல்லாரும் செய்யும் தவறு, நனையாமல் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் மடித்த போர்வை என்று அடுக்குவது. அத்தனைக்கும் கீழே காற்றறைகள் ஏறி இறங்குவது உடம்புக்கு எட்டவே எட்டாது. பிறகு அந்தச் சோதனை. ஆள் படுத்திருக்கும்போது பெட்டுக்கு அடியில், இடுப்புக்கு நேராக, உள்ளங்கையை நீட்டி நுழைக்கச் சொல்கிறார்.

"மக்களே, கைய இப்படி உள்ள விடு. ஒரு இஞ்சு காத்து இருக்கணும், கேட்டியா? எலும்பு கையில முட்டிச்சுன்னா பெட்டு சும்மா கெடக்குன்னு அர்த்தம். பம்ப கூட்டி வை."

பெட் வந்துவிட்டது, இனிப் புரட்ட வேண்டாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அது தவறு. இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றித்தான் ஆக வேண்டும், ராத்திரியிலும். அக்கா ஒரு அட்டையில் மணி எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டக் கொடுக்கிறார்: 6 வலது, 8 மல்லாக்க, 10 இடது. திருப்பியதும் அதில் ஒரு கோடு. வீட்டுக்குப் போகும் தொண்டர் முதலில் பார்ப்பது புண்ணை இல்லை, இந்த அட்டையைத்தான். ஊக்கு, பூனை நகம், கழற்றாத வளையல், இவைதான் பெட்டின் எதிரிகள். ஓட்டை விழுந்தால் சைக்கிள் பஞ்சர் ரப்பர் ஒட்டாது, பி.வி.சி.க்கான ஒட்டுத்துண்டும் பசையும் வேண்டும். அறையில் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறார்கள்.

கான்சென்ட்ரேட்டர் மருத்துவர் சீட்டு இல்லாமல் வெளியே போகாது. சீட்டில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று எழுதியிருக்க வேண்டும். தொண்டர் அந்தக் குமிழைத் தானாகத் திருப்ப மாட்டார். பின்பக்கத்து வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாக உலர்த்திப் போட வேண்டும். ஈரப்பதம் தரும் குப்பியில் காய்ச்சி வடித்த தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். ஐந்து லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். 150 ஆம்பியர்-அவர் பேட்டரி உள்ள வீட்டு இன்வெர்ட்டரில், வேறு எதுவும் ஓடாவிட்டால் மூன்று, மூன்றரை மணி நேரம் தாங்கும். காற்றடித்து ரப்பர் மரம் கம்பியில் சாய்ந்தால் இந்தப் பக்கம் அதைவிட அதிக நேரம் மின்சாரம் போகும். ஆகவே மெஷின் வாங்கும் வீட்டுக்குச் சிறிய சிலிண்டர் ஒன்று எங்கே நிரப்பிக் கிடைக்கும் என்ற விவரமும் எழுதித் தருகிறார்கள்.

போதகரின் தலைமை என்ன என்பது இந்த மெஷின் விஷயத்தில் நன்றாகத் தெரிகிறது. நோயாளி இருக்கும் அறையில் மெழுகுவர்த்தி, குத்துவிளக்கு, ஊதுபத்தி எதுவும் இருக்கக் கூடாது. தீ பற்றினால் ஆக்சிஜன் அதை இன்னும் பெரிதாக்கிவிடும். இதைத் தொண்டர் சொன்னால் பாட்டிமார் கேட்பதில்லை. சாகப்போகிற மனிதரின் தலைமாட்டில் விளக்கு வேண்டாமா என்று கேட்பார்கள். அதனால் ஐயா தானே ஜெபக் குழுவிடம் சொல்லி வைத்திருக்கிறார்: மெஷின் ஓடும் வீட்டில் மெழுகுவர்த்தி முற்றத்தில்தான். பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குத்தந்தையிடமும், கோயில் பூசாரியிடமும் நேரில் போய்ப் பேசி, அவர்களையும் அப்படியே சொல்ல வைத்திருக்கிறார். ஒரு போதகரால் மட்டுமே ஆகக்கூடிய வேலை இது. மற்ற வேலைகளை மற்றவர்களிடம் விட்டதால்தான் இதற்கு அவருக்கு நேரம் இருந்தது.

செய்யாமல் விட்டதற்கும் அவரைப் பாராட்ட வேண்டும். மருந்து சேமிப்பதில்லை. இறந்தவர் வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைப் புண்ணியமாகக் கொண்டுவருவார்கள், வாங்க மாட்டார்கள். மார்பின் போன்ற வலி மருந்துகளை 2014-ல் திருத்தப்பட்ட போதைப்பொருள் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் போன்ற அனுமதி உள்ளவர்கள்தான் சேமித்து வைக்கலாம். ஒரு சபை அலமாரியில் அது இருந்தால் நல்ல எண்ணம் வழக்கில் முடியும். தனியாக நர்ஸ் குழுவும் வைக்கவில்லை. கேரளப் பக்கம் 2008-ம் ஆண்டுக் கொள்கைக்குப் பிறகு பஞ்சாயத்துவாரியாகப் பாலியேட்டிவ், அதாவது வலி தணிப்புச் சிகிச்சை, நர்ஸ் வீட்டுக்கு வருகிறார். தமிழ்நாட்டுப் பக்கம் 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. எந்த வீடு எந்தப் பஞ்சாயத்து, யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கூப்பிட்டும் மூன்று நாளில் யாரும் வரவில்லை என்றால் மட்டும் சபைத் தொண்டர் போய் நிற்பார்.

கருவி திரும்பி வரும்போது கம்மோட் நாற்காலியை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்த தெளிவு நீரில் துடைத்து, பத்து நிமிடம் விட்டு, மறுபடி நல்ல தண்ணீரால் துடைக்கிறார்கள். இரண்டாவது துடைப்பை விட்டால் இரும்பு ஒரே மழைக்காலத்தில் துருவேறும். ஏர் பெட்டுக்குச் சோப்புத் தண்ணீர், நிழலில் உலர்த்தல். வெயிலில் போட்டால் வெடிக்கும். ஆள் இறந்த வீட்டில் பதினாறு நாள் முடியாமல் கருவியைத் திருப்பிக் கேட்டு யாரும் போன் போடக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி. கான்சென்ட்ரேட்டருக்கு மட்டும் விலக்கு, அடுத்த மூச்சு அதற்காகக் காத்திருக்கும். துக்கம் கேட்கப் போகும் நர்ஸ் அக்காவே சொல்லி எடுத்து வருவார்.

மனு மேசைக்கு வருவோம். முதலில் டோக்கன், பிறகு ஒரே கேள்வி: "ரேஷன் கார்டு எங்க?" அதில்தான் முக்கால்வாசிச் சிக்கல். கேரளத்தில் கார்டு நிறத்தில் பேசும்: மஞ்சள் மிக ஏழைகளுக்கான அந்தியோதயா, இளஞ்சிவப்பு முன்னுரிமை, நீலமும் வெள்ளையும் மற்றவை. தமிழ்நாட்டில் எழுத்தில் பேசும்: பி.எச்.எச். (முன்னுரிமை), என்.பி.எச்.எச். (முன்னுரிமை அல்லாதது) என்று. கல்யாணமாகி எல்லை தாண்டிய பெண்ணின் பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலேயே கிடக்கும். அங்கே நீக்கிச் சான்று வாங்காமல் இங்கே சேர்க்க முடியாது. பிறந்த வீட்டில் ஓர் ஆள் குறைந்தால் அரிசி குறையும் என்று அண்ணன் இழுத்தடிப்பான். மேசையில் உட்கார்ந்திருப்பவர், கேரளத்தில் கிராம அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அந்த அண்ணனுக்கே போன் போட்டுப் பேசுகிறார். சட்டம் தெரிந்தவரும் சமாதானம் தெரிந்தவரும் ஒரே ஆளாக அமைந்தது அதிர்ஷ்டம் என்று தோன்றலாம், ஆனால் அவரைத் தேடிப் பிடித்துச் சம்மதிக்க வைக்க ஐயாவுக்குப் பல மாதம் பிடித்தது.

இரண்டாவது பெரிய சிக்கல், பெயர். தமிழில் தங்கம்மை, மலையாளத்தில் தங்கம்மா, ஆதாரில் கடைசி எழுத்து ஒன்று, வங்கிப் புத்தகத்தில் வேறொன்று. தமிழ்ப் பழக்கத்தில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். கேரள ஆவணத்தில் அந்த இடத்தில் வீட்டுப் பெயர் வந்திருக்கும். பென்ஷன் மனு தள்ளப்படுவதற்கு வறுமை இல்லாதது காரணமாக இருப்பதைவிட எழுத்து பொருந்தாதது காரணமாக இருப்பதே அதிகம். மேசையில் பின்பற்றும் வரிசை சரியானது: முதலில் ஆதாரைத் திருத்து, பிறகு வங்கிக் கணக்கை அதற்குப் பொருத்து, அதன்பிறகே மனு. மனுவை முதலில் கொடுத்துவிட்டுத் திருத்த ஓடினால் இரண்டு முறை அலைய நேரும். கேரளத்தில் பென்ஷன் மனு பஞ்சாயத்துக்கு, தமிழ்நாட்டில் தாசில்தார் அலுவலகத்துக்கு. கேரளத்தில் ஆண்டுதோறும் அரசின் அக்ஷயா சேவை மையத்தில் கைரேகை வைத்து, ஆள் உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் மஸ்டரிங் செய்ய வேண்டும். தவறினால் பணம் நிற்கும். படுக்கையில் கிடப்பவருக்கு வீட்டுக்கே வந்து எடுப்பார்கள், ஆனால் சொல்லி வைத்தால்தான் வருவார்கள். அந்தச் சொல்லி வைக்கும் வேலையை மேசை செய்கிறது. நல்ல சேவை இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்.

சான்றிதழ் விஷயத்தில் போதகர் மேல் வரும் அழுத்தம் கொஞ்சமல்ல. பிறப்புப் பதிவு இல்லாத முதியவர்கள் வயதுக்கு ஆதாரமாக ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல் கேட்பார்கள். அது நியாயம், பழைய பதிவேட்டைப் புரட்டி அன்றே எழுதித் தருகிறார். சாதிச் சான்றுக்குத் துணையாகச் சபைச் சான்று கேட்பவர்களும் உண்டு. கேரளத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் 'எஸ்.ஐ.யு.சி. நாடார்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையோடு கலந்துவிட்ட ஒரு சபையின் பெயர் அரசு ஏட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பதிவேட்டில் உள்ளதை மட்டும், உள்ளபடி எழுதித் தருவார். தேதியைக் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள் என்று கமிட்டிக்காரரே கேட்டாலும் நடக்காது. தமிழ்நாட்டுச் சாதிச் சான்று கேரளத்தில் இட ஒதுக்கீட்டுக்கு ஆகாது, அப்படியே மறுபக்கமும். இதை ஒளிக்காமல் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே சொல்லிவிடுகிறார்கள். கல்லூரி வாசலில் தெரிந்து அழுவதைவிட அது மேல்.

மூன்று தடைகள் அங்கே எழுதி ஒட்டியிருக்கின்றன. ஜெபம் கேட்டால் மட்டும். போட்டோ கிடையாது. மேசையில் கேட்டது பிரசங்கத்தில் வராது. இரண்டாவதைக் காப்பாற்றுவதுதான் கடினம். நன்கொடை தந்தவர் பட்டுவேட்டியில் நின்று நாற்காலி வழங்கும் படம் கேட்பார். ஐயா அவருக்குப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டுகிறார், ஆள் பெயரை மறைத்துவிட்டு: உங்கள் நாற்காலி, எண் 7, இதுவரை இத்தனை வீடு போயிருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதில் நிறைந்துவிடுகிறார்கள். நிறையாத ஒருவர் நாற்காலியையே திருப்பி எடுத்துக்கொண்டு போனாராம். எடுத்துப் போகட்டும் என்று விட்டது சரிதான்.

பணம் வருவது பிடியரிசியிலிருந்து. உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டு, ஞாயிறன்று கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். அறுப்பின் பண்டிகையில் பலாப்பழமும் வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் ஏலம் போகும்போது மூன்றில் ஒரு பங்கு இதற்கு. செக்கில் கையெழுத்து அதிகாரம் உள்ள மூவரில் இருவர் கையெழுத்து வேண்டும், அந்த மூவரில் போதகர் இல்லை. மாதக் கணக்கு சபைக் கோயில் உள்ளே அல்ல, தெருவைப் பார்த்த பலகையில். சபைக்கு வராதவரும் டீ குடித்துக்கொண்டே படிக்கலாம், படிக்கிறார்கள், கேள்வியும் கேட்கிறார்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மனு மேசையில் ஆதார் நகல்களைத் திறந்த அலமாரியில் ஃபைலாக அடுக்கியிருப்பது ஆபத்து. கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை வாங்கலாம், வேலை முடிந்ததும் நகலைக் கையிலேயே திருப்பித் தரலாம். இத்தனை கவனமான இடத்தில் இந்தக் கவனக்குறைவு உறுத்துகிறது. செக்கில் கையெழுத்துப் போடும் மூவரும் ஆண்கள். வேலையில் பெரும்பகுதியைச் சுமப்பது பெண்கள் ஐக்கிய சங்கம். இதற்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை. குடியினால் நொடிந்த வீடுகள் கணக்கெடுப்பிலேயே வந்தன, அவற்றுக்கு 'ஜெபிக்கிறோம்' என்பதைத் தாண்டி ஒரு வழி இன்னும் போடவில்லை.

எல்லாவற்றிலும் பெரியது, பதிவு. சேவை சபையின் கணக்கிலேயே நடக்கிறது, தனிச் சங்கமாகப் பதியவில்லை. அதனால் 80ஜி என்று பழக்கத்தில் சொல்லும், நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் ரசீதைத் தர முடியாது. சமயச் செலவு வருமானத்தில் ஐந்து சதவீதத்தைத் தாண்டும் அமைப்புக்கு அந்தச் சலுகை கிடைக்காது என்பதால், சபைக் கணக்கிலேயே வைத்துக்கொண்டு அதை வாங்கவும் வழியில்லை. கேரளத்தின் தென்பகுதியில் திருவிதாங்கூர்-கொச்சி இலக்கிய, அறிவியல், அறநிலையச் சங்கப் பதிவுச் சட்டம், 1955 இருக்கிறது. எல்லைக்கு இப்பால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. இரண்டிலும் ஏழு பேர் போதும். கட்டடம் இருப்பது கேரளத்தில் என்பதால் முதல் சட்டப்படி பதிவதுதான் முறை. விதிமுறையில் சபையல்லாதவருக்கும் நிர்வாகக் குழுவில் இடம் உண்டு என்று எழுத வேண்டும், இப்போது இருக்கும் வழக்கம் அப்போதுதான் நிலைக்கும். வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்புகிறோம் என்கிறார்களாம். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை, அதற்கான அனுமதி இல்லாமல் ஒரு ரூபாயும் தொடக் கூடாது. பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்கக் கூச்சப்படக் கூடாது.

இந்தப் பதிவு ஏன் அவசரம் என்றால், போதகருக்கு இடமாற்றம் வரும். சில வருடத்துக்கு ஒருமுறை வந்தே தீரும். புதிதாக வருபவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவருக்குக் கோபுரம் கட்டுவதில் ஆசை இருக்கலாம், பிடியரிசிப் பணம் சிமென்டாக மாறலாம். சாவி மூன்று பேரிடம் இருப்பதும், செக்கில் அவர் கையெழுத்து இல்லாததும் பாதிக் காவல். மீதிப் பாதி காகிதத்தில் வர வேண்டும். இதை ஐயாவிடமே கேட்டவர்களுக்கு அவர் ஒரு நோட்டை எடுத்துக் காட்டுகிறார். முதல் பக்கத்தில் 'எனக்குப் பின் வருபவருக்கு' என்று இருக்கிறது. எந்த வீட்டில் எந்தக் கருவி, எந்த அலுவலகத்தில் யார் செவி கொடுப்பார், எந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதுவரை எழுதியிருக்கிறார். நோட்டு நன்றாக இருக்கிறது. ஆனாலும் பதிவு செய்யுங்கள், ஐயா. நோட்டைப் புதியவர் திறக்காமலே வைத்துவிடலாம்.

போக நினைப்பவர்களுக்கு: செவ்வாயைவிடச் சனி கூட்டம் அதிகம், ஒன்பது மணிக்கே டோக்கன் வாங்குங்கள். அசல் ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்று, எல்லாவற்றிலும் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று வீட்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். சக்கர நாற்காலிக்குப் போகிறவர்கள் இடுப்பளவும் கதவளவும் குறித்துக்கொண்டு போங்கள். வாங்கும்போது கால் தாங்கி இரண்டும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். திரும்பி வரும் நாற்காலிகளில் முதலில் தொலைவது அதுதான், பதிவேட்டில் அதிக முறை எழுதியிருக்கும் பழுதும் அதுதான்.